சுங்கம்

பத்தொன்பது ஆண்டு உழைத்த கிண்ணம்.
பதினைந்துதான் கணக்கு என்கிறார் டாக்டர் தெர்ப்ஸ்த்ரா,
ஏதோ நான் நாலு வருஷத்தைக் களவாடிவிட்ட மாதிரி.

படத்தில் உலோகத் தண்டைச் சுற்றிக் கறுப்பாய் ஒரு பள்ளம்.
கிருமியா?
இல்லை. பிளாஸ்டிக் தேய்ந்து தூள் உதிர்ந்ததாம்.
தூளைத் தின்ன வந்த என் உடம்பு
பசி அடங்காமல் எலும்பையும் தின்றதாம்.
காவலுக்கு வந்தது கதவைத் தின்றிருக்கிறது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
சைக்கிளிலிருந்து இறங்கும்போது
தொடைக்குள் யாரோ திருகாணியைத் திருகினார்கள்.
அக்டோபரில் நாற்காலியை விட்டு எழ
மூன்றுவரை எண்ணினேன்.
டிசம்பரில் ஏழு.

முப்பத்தொரு வருஷம் பாலத்துக்காரி நான்.
ஃபிரானெக்கர் கால்வாயில் படகு வந்தால்
மணியடித்து, சாலையை மறித்து, பாலத்தைத் தூக்கி,
கைப்பிடிக் கம்பிமேல் சாய்ந்து
தூண்டில் கயிற்றில் மரக்காலணியைக் கட்டி இறக்குவேன்.
படகுக்காரர் அதற்குள் சில்லறை போடுவார்.
பொத்தான் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

அந்தப் பாலத்தின் கீலையும் ஒருமுறை மாற்றினார்கள்.
ஞாயிற்றுக்கிழமை, கிரேன் வைத்து, மதியத்துக்குள்.
வலித்ததா என்று அதை யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

"இம்முறை கொஞ்சம் சிரமம் ஹிஸ்கா," என்றார் டாக்டர்.
போனமுறை நட்டது. இது பிடுங்கி நடுவது.
பழைய சிமெண்டை உளியால் சில்லுச் சில்லாய்ப் பெயர்க்கணும்,
பள்ளத்தை நிரப்பணும்.
எதைக் கொண்டு?
"எலும்பு வங்கியிலிருந்து. அரைத்து, இடித்து, இறுக்கி."
யாருடையது?
"தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.
முதல்முறை இடுப்பு மாற்றிக்கொண்ட யாரோ கொடுத்தது."

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
காலையில் ரொட்டியா கஞ்சியா என்று கேட்ட தாளின்
பின்பக்கம் அன்று இன்னொரு கேள்வி இருந்தது:
அறுத்தெடுக்கும் எலும்புத் தலையை என்ன செய்யலாம்?
கஞ்சி என்று எழுதிய அதே பேனாவால்
வேண்டியவருக்குக் கொடுங்கள் என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.
பிறகு ஒருநாளும் அதை நினைக்கவில்லை.

அறுவைக்கு முந்தைய இரவு நினைத்தேன்.
என் உருண்டை இப்போது யார் தொடைக்குள்?
உறைந்த ஏரியில் சறுக்குகிறதா,
மாடிப்படியில் நின்று திட்டுகிறதா?
எதிர்க்கட்டில் ரெம்மெல்டுக்கும் இரண்டாவது தடவையாம்.
ராத்திரி முழுக்கக் குறட்டை விடும் அந்த ஆள்
என்னில் கொஞ்சத்தை வைத்துக்கொண்டா உறங்குகிறார்?
கேட்கவில்லை.
ஆமென்று சொல்லிவிட்டால்
குறட்டையை மன்னிக்க வேண்டி வரும்.

நாலரை மணி நேரம்.
முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் திரைக்கு அப்பால் சுத்தியல்.
வலி வரவில்லை, அதிர்வு மட்டும்
பல்வரைக்கும் வந்தது.
கப்பல் பட்டறைக்குப் பக்கத்து வீட்டில்
படுத்திருப்பதைப் போல.

பழையதைக் கேட்டேன்.
கழுவி, ஜாடியில் போட்டுக் கொடுத்தார்கள்.
கிண்ணம் மஞ்சளேறியிருந்தது;
ஒரு பக்கம் மட்டும் காகிதமாய் மெலிந்திருந்தது.
"இந்தப் பக்கமாகவே சாய்ந்திருக்கிறீர்கள்."
சாய்ந்தேன்தான்.
கம்பிமேல், தண்ணீர்ப் பக்கம், காலணியை இறக்க.
அவர்கள் காலணிக்குள் போட்டார்கள்,
நான் எனக்குள் உதிர்த்தேன்.
பொத்தான் போட்டவனுக்கும் சேர்த்து.

ஆறு வாரத்துக்கு அந்தக் காலில் இருபது கிலோதான்.
யோரிட் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து
மிதிக்கச் சொல்லிப் பழக்குகிறான்.
இருபத்தாறு. பதினொன்று. இருபத்து நாலு.
"மெதுவா," என்கிறான்.
புதிதாய் வந்த ஆளுக்கு
என் எடை இன்னும் பழகவில்லை போல.

ஜன்னலில் வேறொரு பாலம் எழுகிறது.
அறையில் ஆளில்லை;
எங்கோ அலுவலகத்திலிருந்து பொத்தானை அழுத்துகிறார்கள்.
நாலு படகுகள். எண்ணிவிட்டேன்.

சாயங்காலம் நாளைய உணவுத்தாள் வந்தது.
முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.
வெறுமையாக இருந்தது.

கஞ்சி என்று எழுதினேன்.